புது மனையும் பழைய மஹல்லாவும்



வேலூரிலிருந்து வாணியம்பாடி வரை பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து வந்தால் போதும்; காலம் மாறிவிட்டதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நெல்லும் கரும்பும் நின்ற வயல்களில் இன்று வண்ணம் பூசிய அளவுக் கற்கள் நிற்கின்றன. நுழைவாயிலில் ஒரு வளைவு. அதன்மேல் ஏதோ ஒரு 'நகர்' என்று பெயர். உள்ளே செம்மண் பாதை. ஆங்காங்கே நாலைந்து புது வீடுகள். வேலூர் 2008-ல் மாநகராட்சி ஆயிற்று. 2011-ல் சத்துவாச்சாரி, தாராபடவேடு, தொரப்பாடி போன்ற சுற்றுப்புறங்கள் அதனோடு சேர்ந்தன. 2019-ல் மாவட்டமே மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்திற்குப் போயின. மேல்விஷாரம் இராணிப்பேட்டை மாவட்டத்திற்குப் போயிற்று. மாவட்டங்கள் பிரிந்தாலும் ஊர்கள் மட்டும் ஒன்றையொன்று தொட்டுவிடும்படி நீண்டுகொண்டே போகின்றன.

இப்படி நீளும் ஊர்களில் நம்மவர்களும் குடியேறி வருகின்றனர். பள்ளிவாசலைச் சுற்றி வீடும், வீட்டைச் சுற்றி உறவுமாக வாழ்ந்த குடும்பங்கள் பழைய தெருவை விட்டுப் புது மனைக்குப் போகின்றன. இது சரியா, தவறா? இதில் மார்க்கத்திற்கு என்ன சம்பந்தம்? வீடு மாறுவது அவரவர் சொந்த விஷயம் அல்லவா? இப்படித்தான் நாமும் எண்ணியிருந்தோம், ஒரு சகோதரர் நம்மிடம் வந்து இரண்டு கேள்விகளைக் கேட்கும் வரையில்.

அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் இறங்கிக்கொண்டிருந்தோம். அந்தச் சகோதரர் நம் கையைப் பற்றிக்கொண்டு, "பாய், ஒரு விஷயம் கேக்கணும்" என்றார். ஷூ கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக வேலை பார்க்கிறவர். பாகப்பிரிவினையில் பழைய வீடு நான்கு துண்டாகி, அவர் பங்கிற்கு ஓர் அறையும் பாதி முற்றமும் வந்தன. இருந்ததை விற்று, மனைவியின் நகையையும் சேர்த்து, நெடுஞ்சாலைக்கு அப்பால் மனை வாங்கி வீடு கட்டினார். குடிபோன மறுமாதமே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாக வந்தது. வாயில் வைக்க முடியாத உப்பு. தரகர், "தண்ணி இளநீர் மாதிரி இருக்கும்" என்று சொன்னாராம்.

"மஹல்லாவை விட்டுப் போனதே தப்பு, அதுக்குத்தான் இந்தச் சோதனைன்னு அத்தா சொல்றாங்க. அது ஒண்ணு. இன்னொண்ணு, இப்ப அந்த வீட்டை வாங்க ஒருத்தர் வந்திருக்கார். தண்ணியைப் பத்தி அவர் கேக்கல. நானா சொல்லணுமா?"

இந்த இரண்டு கேள்விகளும் அவர் ஒருவருடையவை அல்ல. நம் வட்டாரத்தில் புது வீட்டுக் கனவோடு இருக்கும் ஒவ்வொரு குடும்பமும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டியவை.

ஊரை விட்டு ஒதுங்குவது குற்றமா?

முதற் கேள்விக்கு மதீனாவிலேயே பதில் இருக்கிறது. அந்நகரின் ஓரத்தில் பனூ ஸலிமா என்ற கூட்டத்தார் குடியிருந்தார்கள். பள்ளிவாசலுக்கும் அவர்கள் இல்லங்களுக்கும் தூரம் அதிகம். பள்ளியின் அருகே இடம் காலியானபோது, வீடுகளை விட்டுவிட்டு அங்கே வந்துவிட அவர்கள் விரும்பினார்கள். நல்ல எண்ணம்தான்; நாமாக இருந்தால் பாராட்டியிருப்போம். ஆனால் அண்ணல் நபி (ஸல்) அவர்கள், இருக்கும் இடத்திலேயே இருக்கும்படி அவர்களிடம் கூறினார்கள். பள்ளியை நோக்கி அவர்கள் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும் பதியப்படுகிறது என்று ஆறுதலும் சொன்னார்கள். மதீனாவின் ஓரப்பகுதி ஆளில்லாமல் வெறிச்சோடிப் போவதைப் பெருமானார் விரும்பவில்லை என்று புகாரியின் அறிவிப்பு காரணமும் கூறுகிறது.

எவ்வளவு ஆழமான கருத்து! ஊரின் நடுவில் இருப்பவன் உயர்ந்தவன், ஓரத்தில் இருப்பவன் தாழ்ந்தவன் என்ற கணக்கு இங்கே இல்லை. ஓரமும் ஊர்தான், அங்கேயும் ஆட்கள் வேண்டும். ஆகவே மஹல்லாவை விட்டு வெளியே போனதே பாவம் என்று அந்தப் பெரியவர் சொன்னது பாசத்தின் பேச்சு; மார்க்கத்தின் தீர்ப்பு அன்று.

பழைய தெருவின் நிலையையும் நாம் மறைக்கலாகாது. ஒரே சுவரில் இரண்டு குடும்பங்கள் சாய்ந்து நிற்கின்றன. வெயிலும் காற்றும் உள்ளே வருவதில்லை. 2021 நவம்பர் மழையில் பேரணாம்பட்டில் ஒரு வீடு இடிந்து, குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தார்கள். அல்லாஹ் அவர்கள் மீது அருள் புரிவானாக! பழமை என்பதற்காக மட்டும் எந்தச் சுவரும் புனிதமாகிவிடாது. பிள்ளைகள் மூச்சுவிட இடம் தேடிப் போகிறவரைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பனூ ஸலிமாவின் சிறப்பு அவர்கள் தொலைவில் இருந்ததனால் வந்ததன்று; தொலைவில் இருந்தும் நடந்தார்கள் என்பதனால் வந்தது. எண்ணப்பட்டவை அவர்களின் காலடிகள். நாமோ புது மனைக்குப் போன நாள் முதல், "பள்ளி ரொம்பத் தூரம்" என்று சொல்லிக்கொண்டு வெள்ளிக்கிழமையோடு நின்றுவிடுகிறோம். பிறகு அதுவும் குறைகிறது. தூரம் நமக்கு நன்மையின் கணக்காக வேண்டியது. சாக்கின் கணக்காகி விடுகிறது.

விட்டுப் போகிறவர் விட்டுப் போகாதவை

புது வீட்டைப் பற்றி ஆயிரம் யோசிக்கிற நாம், பழைய வீட்டை விற்கும்போது யாரை நினைக்கிறோம்? அதிக விலை தருகிறவரை மட்டும்தான். ஆனால் அடுத்த வீட்டுக்காரருக்கு முன்னுரிமை உண்டு என்பது நமது ஃபிக்ஹு. இதற்கு 'ஷுஃப்ஆ' என்று பெயர். நம் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் ஒட்டிய வீட்டுக்காரருக்கும் இந்த உரிமை இருக்கிறது. அன்றைய சென்னை மாகாண நீதிமன்றங்கள் இதைச் சட்டமாக ஏற்கவில்லை. எனவே இதற்காக யாரும் நம்மைக் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது. கோர்ட்டுக்கு இழுக்க முடியாத கடமைகளில்தான் ஒரு முஃமினின் தரம் தெரியும்.

அபூராஃபிஃ (ரலி) அவர்கள் தம் அறைகள் இரண்டை அண்டை வீட்டாரான ஸஅத் (ரலி) அவர்களுக்கு விற்ற நிகழ்ச்சி புகாரியில் பதிவாகியுள்ளது. ஸஅத் (ரலி) 4,000 திர்ஹத்திற்கு மேல் தர இயலாது, அதையும் தவணையாகவே தருவேன் என்றார்கள். வெளியிலோ 500 தீனார் ரொக்கமாகக் கிடைப்பதாக இருந்தது. ஆயினும் அண்டை வீட்டாருக்கே உரிமை அதிகம் என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்டிருந்த காரணத்தால், குறைந்த விலைக்கே கொடுத்துவிட்டார்கள். நம்மில் எத்தனை பேர், "நான் விற்கப் போகிறேன், உனக்கு வேண்டுமா?" என்று பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினோம்? பாதி முற்றம் கிடைத்தால் தன் மகளுக்கு ஓர் அறை கட்டிக் கொள்ளலாம் என்று அவர் இருபது வருடமாக எண்ணிக் கொண்டிருந்திருப்பார். நாம் விற்றது அவருக்குப் பத்திரம் பதிந்த பிறகுதான் தெரிகிறது.

விற்பனையோடு கடமை முடிவதுமில்லை. வசதியுள்ள குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் போனபின் அந்த மஹல்லாவில் எஞ்சுகிறவர்கள் யார்? பீடி சுற்றும் விதவை, வாடகைக்கு இருக்கும் கூலித் தொழிலாளி, படியேற முடியாத முதியவர். மோதினாருக்குச் சம்பளம், மக்தபுக்கு விளக்குச் செலவு, ரமளான் கஞ்சி எல்லாம் அப்படியே இருக்கின்றன. சந்தா கொடுக்கிறவர்கள்தாம் குறைந்து போனார்கள். நம் பெற்றோரின் ஜனாஸாவைச் சுமந்த சந்தூக் அந்தப் பள்ளியின் மூலையில் இன்றும் இருக்கிறது. வீட்டைக் காலி செய்கிறவர் சந்தாவையும் காலி செய்ய வேண்டுமென்பது எந்த ஏட்டில் இருக்கிறது?

மண் சொல்லும் உண்மை

இனி அந்தச் சகோதரரின் இரண்டாவது கேள்வி. இதுதான் நமக்கு வலிக்கும் கேள்வி.

அவர் வீட்டுத் தண்ணீர் ஏன் கெட்டது? மற்றவர்கள் அறியாவிட்டாலும் நாம் அறிவோம். தோல் நம் பகுதிக்குச் சோறு போட்ட தொழில்; கல்லூரிகளையும் மதரஸாக்களையும் மருத்துவ உதவிகளையும் தந்த தொழில். அதே தொழில்தான் பாலாற்றுப் படுகையின் கிணறுகளையும் கெடுத்தது. பச்சைத் தோல் அழுகாமலிருக்கப் போடும் உப்பும், பதனிடும் குரோமியமும் கழிவுநீரோடு மண்ணில் இறங்கின. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும், தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு லாயக்கற்றுப் போனது என்றும், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ல் குறிப்பிட்டது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்திய நாட்டில் உறுதியாக நிலைநாட்டிய தீர்ப்புகளில் அது முக்கியமானது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் செயல்படுகின்றன. எனினும் மண்ணில் இறங்கியது எளிதில் வெளியேறுவதில்லை. 2025 ஜனவரி 30-ல் அதே உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு வழங்கி அதைக் கெடுத்தவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டுமென்று மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது.

இப்போது சங்கிலியைச் சேர்த்துப் பாருங்கள். தண்ணீர் கெட்டது, விளைச்சல் போயிற்று, விவசாயி நிலத்தைக் கிடைத்த விலைக்குக் கொடுத்தார், வாங்கியவர் கல் நட்டு மனையாக்கினார், தென்னை பிழைக்காத மண்ணுக்கு 'கார்டன்' என்று பெயர் வைத்தார், நம் சகோதரர் நகையை விற்று அதை வாங்கினார். இந்தச் சங்கிலியில் விற்றவர்களிலும் வாங்கியவர்களிலும் கெடுத்தவர்களிலும் நம்மவர்கள் இருக்கிறார்கள். இதை ஒப்புக்கொள்ளாமல் நாம் மார்க்கம் பேசுவதில் பொருளில்லை.

கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் பெருமானார் (ஸல்) கைவிட்டபோது விரல்கள் ஈரமான செய்தியை நாம் அறிவோம். மழை பெய்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் ஈரமானதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டு, ஏமாற்றுகிறவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று நாயகம் எச்சரித்தார்கள். அந்த வியாபாரி பொய் ஏதும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். நனைந்ததை அடியில் வைத்தார், அவ்வளவுதான். தண்ணீர் கெட்ட வீட்டை விற்கிறவரும் பொய் சொல்வதில்லை. கெட்ட தண்ணீர் அடியில் இருக்கிறது. அதை மேலே எடுத்து வைப்பதில்லை.

ஆகவே, "அவர் கேக்கலையே" என்பது பதிலாகாது. கேட்காமலேயே சொல்ல வேண்டியது விற்பவரின் கடமை. வாங்க வருகிறவர் நம்மவரா, பிற சமயத்தவரா என்பதைப் பொறுத்து இந்தக் கடமை மாறுவதுமில்லை. "என்னிடம் மறைத்தார்கள், நானும் மறைக்கிறேன்" என்றால் அநீதி கை மாறுகிறதே தவிரக் குறையவில்லை.

இதை நாம் சொன்னபோது அந்தச் சகோதரரின் முகம் வாடியது. சொன்னால் விலை பாதியாகிவிடும் என்று அவருக்குத் தெரியும், நமக்கும் தெரியும். பிறர் பணத்தை வைத்து உபதேசம் செய்வது எளிது என்ற கூச்சம் நமக்கு அப்போது ஏற்பட்டது. அந்தச் சுமையை அவர் தலையில் மட்டும் வைத்துவிட்டு ஜமாஅத் ஒதுங்கிக்கொள்வது நியாயமா? மனை வாங்குமுன் தண்ணீரைக் குடிநீர் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள் என்று ஒரு ஜும்ஆ மேடையிலாவது நாம் அறிவித்திருந்தால், அவர் ஏமாந்திருக்க மாட்டாரே! தோல் வியாபாரத்தில் ஜகாத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிற செல்வர்கள், தம் கழிவுநீர் எந்த வயலுக்குப் போயிற்று என்ற கணக்கையும் பார்த்திருந்தால் அவர் வீட்டில் நல்ல தண்ணீரே வந்திருக்குமே!

மஹல்லா என்பது கட்டப்படுவது

புது மனையில் மஹல்லா இல்லையே என்று பலர் ஏங்குகிறார்கள். மஹல்லா தானாக முளைக்கும் செடியா? பழைய தெருவையும் யாரோ ஒருவர்தான் முதலில் தொடங்கினார். ஆம்பூரை அடுத்த உமராபாத்தையே பாருங்கள். தோல் வணிகரான காகா முஹம்மது உமர் சாஹிப் அவர்கள் 1924-ல் அங்கே ஜாமிஆ தாருஸ்ஸலாமை நிறுவினார்கள். இன்று நாடெங்கும் உள்ள ஆலிம்கள் அந்த ஊரின் பெயரைத் தங்கள் பெயரோடு சேர்த்துக் கொள்கிறார்கள். ஊருக்கு வெளியே போனவர் ஓர் ஊரையே உண்டாக்கினார்!

அவ்வளவு பெரிய காரியம் எல்லோராலும் ஆகாது. சிறியது ஆகும். கண்பார்வை மங்கிய இத்பான் பின் மாலிக் (ரலி) அவர்கள், மழை வந்தால் பள்ளத்தில் வெள்ளம் ஓடி, தம் கூட்டத்தாரின் பள்ளிக்குப் போக முடியவில்லை என்று முறையிட்டு, தம் வீட்டில் ஓரிடத்தில் வந்து தொழும்படி நபி (ஸல்) அவர்களை வேண்டினார்கள். பெருமானாரும் அவ்வாறே வந்து தொழுதார்கள். அந்த ஒரு மூலை தொழுமிடமாயிற்று. நாலு வீட்டுக்காரர்கள் ஒரு வராந்தாவில் மஃரிபுக்கு நின்றால், பிள்ளைகளுக்குக் காயிதா ஓதிக் கொடுக்க ஒரு பாய் விரித்தால், அதுதான் தொடக்கம்.

ஆனால் அவசரம் வேண்டாம். அங்கீகாரம் பெறும் பெரிய மனைப்பிரிவுகளில் பத்தில் ஒரு பங்கு நிலம் பொதுத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்படுகிறது. காலியாகக் கிடக்கிறதே என்று அதில் கொட்டகை போட்டுத் தொழுமிடமாக்கச் சில இளைஞர்கள் ஆசைப்படுகிறார்கள். அது அங்கே குடியிருக்கும் எல்லாருடைய பிள்ளைகளும் விளையாட வேண்டிய இடம். மதீனாப் பள்ளிக்கான நிலம் இரண்டு அநாதைச் சிறுவர்களுடையது. அவர்கள் இலவசமாகத் தர முன்வந்தும், நாயகம் விலை கொடுத்தே பெற்றார்கள். தாமாகக் கொடுத்ததையே அப்படி ஏற்காத தூதரின் உம்மத்தினர் நாம். பிறர் கொடுக்காததை எடுக்கலாமா?

புது மனையில் அடுத்த வீட்டார் பெரும்பாலும் பிற சமயத்தவராகவே இருப்பார்கள். இதைச் சிலர் ஒரு குறையாகப் பேசுகிறார்கள். திருமறையின் நான்காம் அத்தியாயம் உறவினரான அண்டை வீட்டாருக்கும் அந்நியரான அண்டை வீட்டாருக்கும் நன்மை செய்யும்படி ஒரே வசனத்தில் கட்டளையிடுகிறது. அப்துல்லாஹ் பின் அம்ரு (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுத்தபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்றுதான் முதலில் விசாரித்தார்கள். பழைய மஹல்லாவில் சுற்றிலும் சொந்தக்காரர்கள் இருந்ததால் இந்தக் கட்டளையின் பாதியைத்தான் நம்மால் நிறைவேற்ற முடிந்தது. மறுபாதிக்கு இப்போதுதான் வாய்ப்பு வந்திருக்கிறது. பெருநாள் பிரியாணி தட்டை வாங்கும் வீட்டில் அசைவம் உண்பார்களா என்று முன்னதாகக் கேட்டுக்கொள்வதும், இல்லையென்றால் பழமோ இனிப்போ அனுப்புவதும் அண்டை உரிமையில் சேர்ந்ததே.

முடிவாக அந்தச் சகோதரர் என்ன செய்தார் என்பதைச் சொல்லிவிடுகிறோம். வாங்க வந்தவரிடம் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்துக் கொடுத்தாராம். அவர் ஒரு வாய் வைத்துப் பார்த்து, நன்றி சொல்லிவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. வீடு விற்கவில்லை. கேன் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டு அங்கேயே இருக்கிறார். எதிர் வீட்டு இந்துச் சகோதரரும் அவரும் சேர்ந்து, அந்த நகருக்கு நல்ல குடிநீர் வேண்டுமென்று பஞ்சாயத்துக்கு மனு எழுதியிருக்கிறார்கள். மாலையில் அவர் வராந்தாவில் நாலு பேர் தொழுகிறார்கள். மஹல்லாவை விட்டதே தப்பு என்ற அவருடைய அத்தாவும் அதில் ஒருவர்.

மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. ஆனால் அவருடைய இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடைத்துவிட்டது என்றே நாம் எண்ணுகிறோம். வீட்டை எங்கே வேண்டுமானாலும் கட்டலாம். விட்டு வந்தவர்களுக்கும், விற்கிற மண்ணுக்கும், பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கும் நாம் கடன்பட்டவர்கள் என்பதை மட்டும் எந்த நகருக்குப் போனாலும் மறந்துவிடலாகாது.

நாம் குடியேறும் இடத்தை நமக்கும், நம்மால் அவ்விடத்தாருக்கும் நலமாக்கித் தர வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக! ஆமீன்.